நிலத்துக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய்: கையிலுள்ள காசுக்கு எந்த வழி?

விசுவமடுவில் மாமியின் வளவில், கிணற்றடியிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்கு இரண்டு அங்குலக் குழாய் ஒன்று போகிறது. 2002இல் ஏ-9 வீதி திறந்து சாமான்கள் வரத் தொடங்கியபின், 2004இல் மாமா அதைப் பதித்தார். அவரும் இரண்டு கூலியாட்களும் சேர்ந்து வெட்டிய கான். 2010இல் மாமி திரும்பி வந்தபோது மாமா இல்லை. கொட்டில் இல்லை, வேலி இல்லை, கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. கிணற்றடியில் மண்ணுக்குள் இறங்கும் குழாயின் வாய் மட்டும் தெரிந்தது. மற்ற முனை எங்கே, இடையில் எப்படிப் போகிறது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

அதன்பின் பல ஆண்டுகள் மாமி மேலால் நீளக்குழாய் இழுத்துத்தான் பப்பாசிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விட்டார். வெயிலில் கிடந்து கிடந்து அது வெடிக்கும்; ஒட்டுவார்; மறுபடி வெடிக்கும். போன ஆண்டு மாட்டுக் கொட்டிலுக்கு அத்திவாரம் வெட்டத் தீர்மானித்தபோது கேள்வி நேரே முன்னால் வந்து நின்றது. பழைய குழாயைக் கண்டுபிடிப்பதா, அல்லது அதை மறந்து புதிதாகப் பதிப்பதா? கண்டுபிடிப்பதென்றால் எந்த வழியில்?

வன்னியில் இந்தக் கேள்வி பல வளவுகளில் இருக்கிறது. பதித்தவர் இறந்திருப்பார் அல்லது வெளிநாட்டில் இருப்பார். மீள்குடியேறியபின் கட்டிய வீட்டுத்திட்ட வீடு பழைய குழாயின் மேலேயே நிற்கும். அதனால் நாங்கள் விசாரித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே ஒன்றோடொன்று வைத்து எழுதுகிறேன். செலவை ரூபாவில் எழுதினால் அடுத்த போகத்துக்குள் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். எனவே உங்கள் ஊரில் ஓர் ஆளுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியையே அளவாக எடுத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் குழாய் ஏன் இவ்வளவு சிரமம் தருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நிலத்தடிப் பொருட்களைத் தேடும் கருவிகளில் பெரும்பாலானவை மின்சாரம் கடத்தும் பொருளைத்தான் உணர்கின்றன. இரும்புக் குழாயும் செப்புக் கம்பியும் அவற்றுக்குத் தெரியும். பி.வி.சி.யும் கறுப்பு அல்கதீன் குழாயும் தெரியா. போர்க்காலத்தில் இங்கே புதைக்கப்பட்ட பி-4 போன்ற மிதிவெடிகளின் உடலும் பிளாஸ்டிக்தான். ஆனாலும் அவற்றுக்குள் சிறு உலோகப் பகுதி உண்டு. வெடியகற்றுவோரின் கருவி அதைத்தான் பிடிக்கிறது. நீர்க்குழாயில் அந்தச் சிறு துண்டுகூட இல்லை. ஆகவே, கடைசியில் சொல்லும் நிலம் ஊடுருவும் ராடரைத் தவிர, எந்த வழியைத் தேர்ந்தாலும் குழாயை நேரடியாகத் தேட முடியாது. அதைப் பதித்த கானின் வடு, அதனுள் ஓடும் தண்ணீர், அதில் எழும் சத்தம், அதற்குள் நாம் செலுத்தும் கம்பி ஆகிய நான்கில் ஒன்றைத்தான் தேடுகிறோம்.

தோண்டும் முன்

வேறு ஊருக்கு எழுதினால் இந்தப் பகுதியைக் கடைசியில் வைத்திருப்பேன். வன்னிக்கு எழுதும்போது இங்கேதான் வைக்க வேண்டும். வெடியகற்றிக் கையளித்த காணி என்றாலும் அந்த வேலை ஒரு குறிப்பிட்ட ஆழம் வரையில்தான் நடந்திருக்கும். அதைவிட ஆழமாக வெட்டப் போகிறீர்கள் என்றால், அல்லது காணியின் அந்த மூலையில் மீள்குடியேற்றத்துக்குப்பின் ஒருபோதும் மண்வெட்டி படவில்லை என்றால், கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் தொடங்காதீர்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடவோ நகர்த்தவோ கூடாது. வந்த தடத்திலேயே திரும்பி வந்து, மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி, 119க்கு அழைத்துப் பொலிஸாருக்குச் சொல்ல வேண்டும்.

மாமியின் பக்கத்து வளவில் இருப்பவர் பல ஆண்டுகள் வெடியகற்றும் பணியில் இருந்த பெண். நான் அலவாங்கைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு வேலிக்கு மேலாலேயே சொன்னார்: “மேலே இருந்து குத்தாதீர்கள் அண்ணா. முதலில் ஒரு பக்கம் பள்ளமாக எடுத்துவிட்டு, அந்தச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு வாருங்கள்.” பிறகு தானே வந்து இரும்புப் பல் வைத்த வாரியால் எப்படி இழுப்பது என்று காட்டினார். வாரியின் பல் மண்ணில் ஒரு விரல் நீளத்தில் காற்பங்குதான் பதிந்தது. உதிர்ந்த மண்ணைப் பின்னால் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்து, பிறகுதான் அடுத்த இழுப்பு. அந்த முறை குழாய்க்கும் நல்லது. மேலிருந்து விழும் பிக்கான் வெட்டில் எத்தனை குழாய்கள் உடைந்திருக்கின்றன என்று எந்த மேசனைக் கேட்டாலும் சொல்லுவார்.

காசில்லாத வழிகள்

முதலாவது, கேட்பது. இதை ஒரு வழியாகவே எண்ணாமல் கடந்துவிடுகிறோம். கான் வெட்டிய இரண்டு கூலியாட்களில் ஒருவர் இப்போது புதுக்குடியிருப்பில் இருப்பதாகத் தெரியவந்து தொலைபேசியில் பேசினோம். குழாய் போன பாதை அவருக்கு நினைவில்லை. “பலாமரத்தடியில் வேர் நிறைய இருந்தது, அண்ணர் வெட்ட விடவில்லை” என்று மட்டும் சொன்னார். மாமியின் வளவில் இன்று பலாமரமே இல்லை. அதனால் அந்த வார்த்தையை நாங்கள் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. அது பிழை என்று பின்னால் விளங்கியது.

இரண்டாவது, நிலத்தைப் பார்ப்பது. வெட்டி மூடிய மண் ஒருபோதும் பழையபடி இறுகுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் முதல் பெருமழை கொட்டி ஓய்ந்தவுடன் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். கான் போன கோட்டில் மண் சற்றுத் தாழ்ந்து தண்ணீர் நீளமாகத் தேங்கி நிற்கக்கூடும். கடுங்கோடையில் இதன் மறுபக்கம் தெரியும். கசிவுள்ள குழாயின் மேல் புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கும். செம்மண் தரையில் ஓரிடத்தில் மட்டும் கீழ்க் கிரவல் மேலே கலந்து கிடந்தால், அங்கே ஒரு காலத்தில் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும் வேளையில் பார்க்க வேண்டும். நண்பகலில் நிழல் இல்லாமல் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும்.

கணினி பாவிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் கூகுள் எர்த்தில் உங்கள் காணியின் பழைய செய்மதிப் படங்களைத் தேடச் சொல்லுங்கள். ஓர் அடி அகலக் கான் அதில் தெரியும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆனால் அன்றைய கொட்டில், ஒழுங்கை, மரம் எங்கே நின்றன என்று தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாவதுதான் இலவச வழிகளில் மிகச் சிறந்தது: தண்ணீர் விடுவது. தெரிந்த முனையில் இயந்திரத்தைப் பொருத்தி, குழாய் வெடிக்காதபடி மெதுவாக இறைத்துவிட்டு, வளவில் இரண்டு மூன்று பேரை நிறுத்திப் பார்க்க வேண்டும். குழாய் எங்கேயாவது உடைந்தோ திறந்தோ இருந்தால் தண்ணீர் அங்கே மேலே வரும். இதைக் கோடையில் செய்ய வேண்டும். மாரியில் எல்லாமே ஈரம். மாமியின் வளவில் ஆவணி மாதம் செய்தோம். இருபது நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு மாமிதான் முதலில் கண்டார். வாழைப் புட்டிக்கு மேற்கே, ஒரு உள்ளங்கை அளவுக்குச் செம்மண் கறுத்தது. நாங்கள் போய்ச் சேரும்போது அது ஒரு சுளகு அளவாகப் பரவியிருந்தது. நடுவில் சிறு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. கிணற்றிலிருந்து ஏறத்தாழ நாற்பது மீற்றர் தூரம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற மணல் தரையில் தண்ணீர் மேலே வராமல் கீழேயே இறங்கிவிடும். அங்கே மணிக்கணக்காக இறைத்தாலும் எண்ணெய்தான் வீணாகும். இன்னொன்று, தண்ணீர் அளக்கும் மீற்றருக்கு வெளியே உள்ள குழாய் நீர் வழங்கல் சபையின் பொறுப்பு. அதில் கை வைக்காமல் 1939 என்ற இலக்கத்துக்குச் சொல்லிவிடுவதே முறை.

கவட்டையும் கம்பியும்

வேப்பங்கவட்டையோ வளைத்த இரண்டு கம்பிகளோ கொண்டு நடந்து பார்ப்பவர்களை எங்கள் ஊர்களில் கிணறு வெட்டுவதற்கு முன் அழைப்பது வழக்கம். குழாயும் அவர்களால் காட்ட முடியும் என்று எங்களுக்கும் சிலர் சொன்னார்கள். அந்தப் பெரியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பிளாஸ்டிக் குழாயை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1990இல் ஜேர்மனியின் காசல் நகரில் 50 சென்ரிமீற்றர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, தண்ணீரைத் திறந்தும் மூடியும், இந்தக் கலையில் நம்பிக்கையுள்ள சுமார் 30 பேரிடம் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள். குழாய் இருக்கும் இடத்தை நிலத்தின்மேல் அவர்களுக்குக் காட்டியும் இருந்தார்கள். பதில்கள் நாணயம் சுண்டிச் சொன்னதைவிடச் சிறப்பாக அமையவில்லை.

கம்பி திரும்பிய இடத்தில் குழாய் அகப்பட்ட கதைகளும் உண்டு. நடப்பவருக்குக் கிணறு எங்கே, தோட்டம் எங்கே என்று தெரியும். இரண்டுக்கும் நடுவே குழாய் போகும் என்பதைக் கண் ஊகித்துவிடுகிறது. அந்த ஊகத்தை நீங்களே செய்யலாம். இதற்கு ஒரு கூலி கொடுப்பதைவிட அதே கூலிக்கு ஒரு குறுக்குக் கான் வெட்டுவித்தால் திட்டவட்டமான விடை கிடைக்கும்.

குத்திப் பார்ப்பதும் குறுக்கே வெட்டுவதும்

பத்து மில்லிமீற்றர் இரும்புக் கம்பியில் நான்கு அடி வெட்டி, மேலே குறுக்குப் பிடி ஒட்டி, கீழ்முனையை உருண்டையாகத் தேய்த்தால் துழாவுகம்பி தயார். ஒட்டுவேலை உட்பட அரைக் கூலிக்குள் முடியும். ஈரமான மண்ணில் உடல் பாரத்தை மெல்லக் கொடுத்து இறக்கினால் கல்லில் படுவதற்கும் பி.வி.சி.யில் படுவதற்கும் கையில் வேறுபாடு தெரியும். கல் கிறீச்சிடும், குழாய் மந்தமாக அதிரும். மேற்கு நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படும் வழிகளில் இது ஒன்று. வன்னியில் இதைக் கடைசியாகத்தான் பரிந்துரைப்பேன், அதுவும் பல தடவை உழுது கொத்திப் பழகிய நிலத்தில் மட்டும். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். கிரவல் நிறைந்த தரையிலும் காய்ந்த மண்ணிலும் இது பலன் தராது. மின்கம்பி புதைத்திருக்கக்கூடிய இடத்தில் தொடவே கூடாது.

குறுக்கே வெட்டுவது கூடுதல் உழைப்பு. ஆனால் பொய் சொல்லாது. குழாய் போவதாக நினைக்கும் திசைக்குக் குறுக்காக, ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு கான். ஈர மண்ணில் ஓர் ஆள் ஒரு நாளில் எட்டுப் பத்து மீற்றர் வெட்டுவார். ஆவணி வெயிலில் இறுகிய செம்மண்ணில் அதில் பாதியும் வராது. வெட்டும்போது குழாயை மட்டும் எதிர்பார்க்காமல் கானின் சுவரைச் செதுக்கிப் பாருங்கள். தொடப்படாத மண் அடுக்கடுக்காக ஒரே நிறத்தில் இறங்கும். பழைய கான் அந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு, கிரவலும் மேல்மண்ணும் கலந்த நிறத்தில், ஒரு வாளியை வெட்டி ஒட்டியதுபோலத் தெரியும். அந்த வாளியின் அடியில் குழாய் இருக்கும். திசை ஓரளவு தெரிந்தால் இரண்டு கூலியில் முடியும். திசை தெரியாவிட்டால் வளவு முழுவதும் வெட்ட வேண்டியதுதான். அப்போது புதுக்குழாய் பதிப்பது மலிவு.

நூல், கம்பி, வானொலி

எங்களுக்குக் கைகொடுத்தது இந்த வழிதான். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மின்சார மோட்டார் உள்ள வளவுகளில் மோட்டாருக்குப் போகும் மின்கம்பியைக் குழாய் கிடக்கும் அதே கானில் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டிய கம்பி ஏற்கெனவே நிலத்துக்குள் இருக்கிறது. பிரதான ஆளியை நிறுத்தி, தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு இரு முனையையும் கழற்றிவிட்டு அதையே பயன்படுத்தலாம். மாமா பதித்த காலத்தில் மண்ணெண்ணெய் இயந்திரம்தான். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

குழாயின் இரு முனைகளும் திறந்திருந்தால் உள்ளே கம்பி செலுத்த முடியும். தண்ணீர் கசிந்த இடத்தைச் சுரண்டி எடுத்தபோது குழாய் அங்கே முறிந்து கிடந்தது. ஆக நாற்பது மீற்றர் நீளத்துக்கு எங்களுக்கு இரண்டு வாய்கள் கிடைத்தன. கம்பியைத் தள்ளினோம், முதல் வளைவிலேயே முட்டி நின்றது. பிறகு மீன்பிடிக்கும் தங்கூசியில் ஒரு சிறு பொலித்தீன் பையைக் கட்டிக் குழாய்க்குள் விட்டு, பின்னாலிருந்து தண்ணீரை மெதுவாக ஓட விட்டோம். பை குடைபோல விரிந்து தண்ணீரோடு போனது. மச்சான் தங்கூசிச் சுருளைப் பிடித்திருந்தார். விரலிடையே அது நழுவிக்கொண்டே போனது, ஓரிடத்தில் நின்றது, மறுபடி நழுவியது. சில நிமிடங்களில் முறிந்த வாயில் பை வந்து நின்றது. தங்கூசியின் வாலில் வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் மெல்லிய உறையிட்ட செப்புக் கம்பியைக் கட்டி இழுத்துவிட்டோம்.

இனி அந்தக் கம்பிக்கு ஒரு குரல் வேண்டும். வானொலி திருத்துபவர் ஒருவர் 555 என்ற சிறு மின்னணுச் சில்லும் ஒன்பது வோல்ற்று பற்றரியும் வைத்து, தீப்பெட்டி அளவில் ஓர் ஒலியலைப் பெட்டி செய்து தந்தார். அதன் ஒரு முனையைக் குழாய்க்குள் இருக்கும் கம்பியிலும், மறு முனையைச் சற்றுத் தள்ளி நிலத்தில் அடித்த இரும்புக் கம்பியிலும் இணைக்க வேண்டும். செப்புக் கம்பியின் தூர முனையை இன்னோர் இரும்புக் கம்பியில் கட்டி நிலத்தில் அடிக்க வேண்டும். மின்னோட்டம் செப்பின் வழியே போய் மண்ணின் வழியே திரும்பும். பற்றரிக்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தையோ யானை வேலிக்கு வைக்கும் மின்பெட்டியையோ இதில் இணைக்க ஒருபோதும் எண்ணாதீர்கள். உயிர் போகும்.

பிடிக்கும் கருவி சாதாரண மத்திய அலை வானொலி. நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தால் கீச்சென்ற ஒலி கேட்கும். அந்த வானொலிக்குள் பென்சில் போல ஒரு கறுப்புத் தண்டு படுத்திருக்கிறது. அதுதான் அதன் அலைவாங்கி. ஒலி எங்கே கூடுகிறது என்று தேடினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் வானொலி தானே சத்தத்தைச் சமப்படுத்திக்கொள்ளும். ஒலி எங்கே அடங்குகிறது என்று தேட வேண்டும். அந்தத் தண்டு செங்குத்தாக நிற்கும்படி வானொலியைச் சரித்துப் பிடித்து, குழாய் போகும் திசைக்குக் குறுக்காக நடந்தால், கம்பிக்கு நேர் மேலே வந்தவுடன் கீச்சொலி அறுந்ததுபோல நிற்கும். அரை அடி தள்ளினால் மறுபடி கேட்கும். நின்ற இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு, இரண்டு மீற்றர் தள்ளி மறுபடி குறுக்கே நடக்க வேண்டும்.

ஆழமும் தெரியும். கோட்டுக்கு மேல் நின்றுகொண்டு தண்டைக் குழாய்க்குக் குறுக்காக 45 பாகை சரித்து, நிலத்தை ஒட்டிப் பிடித்தபடி பக்கவாட்டில் நகர்ந்தால் ஓரிடத்தில் மறுபடி ஒலி அடங்கும். கோட்டிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு ஆழத்தில் கம்பி இருக்கிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். மாமியின் கொட்டிலில் கிடந்த பழைய வானொலியைத் தூசு தட்டி எடுத்து, அதைக் காதோடு வைத்துக்கொண்டு வளவில் நடந்தபோது அந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. இருபது குச்சிகள் நட்டோம். கிணற்றிலிருந்து நேராக வந்த குச்சிகள் நடுவளவில் திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கி, அரைவட்டம் போட்டு, மறுபடி பழைய கோட்டுக்குத் திரும்பின. கருவி பிழைக்கிறது என்று மச்சான் சொன்னார். மாமி குச்சிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். “இங்கேதான் பலா நின்றது தம்பி” என்றார் பிறகு. வேரை வெட்டக்கூடாது என்று மாமா குழாயைச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார். மரம் போய்விட்டது; குழாய் இன்னும் அதற்கு வழிவிட்டே கிடக்கிறது. நேர்கோடு என்று நம்பி அத்திவாரம் வெட்டியிருந்தால் அந்த வளைவில்தான் பிக்கான் விழுந்திருக்கும்.

மொத்தச் செலவு எங்களுக்கு இரண்டரைக் கூலி. அதில் பெரும் பங்கு செப்புக் கம்பிக்கு. அது மீண்டும் பயன்படும். குழாய் நடுவில் நசிந்து நூல் போகாவிட்டாலும், குழாயின் ஒரு வாயும் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் இந்த வழி இல்லை. அரை அங்குலக் குழாயில் முழங்கை வளைவுகள் பல இருந்தால் பொறுமை மிக வேண்டும். கம்பியோடு வரும் ஆயத்தக் கருவிகளும் கடைகளில் உண்டு. தொலைபேசிக் கம்பி தேடுவதற்கான மலிவான வகை சுவருக்குள் நன்றாக வேலை செய்யும். ஈர மண்ணுக்குக் கீழே ஒன்றிரண்டு சாணுக்குமேல் அதை நம்ப முடியாது.

மற்றவை, சுருக்கமாக

குழாயைத் தட்டி நிலத்தில் காது வைத்துக் கேட்பதும் ஒரு வழி. இரும்புக் குழாயில் தட்டினால் சத்தம் நெடுந்தூரம் போகும். பிளாஸ்டிக் அதை விழுங்கிவிடும். மருத்துவர் வைக்கும் காதுக்குழாயை ஓர் இரும்புக் கம்பியோடு பொருத்தி, நள்ளிரவில், ஒருவர் தெரிந்த முனையில் சீராகத் தட்ட நாங்கள் முயன்றோம். பத்து மீற்றர் வரை கேட்டது, அதற்கப்பால் தவளைகள்தான் கேட்டன. சிறு வளவுக்கு முயன்று பார்க்கலாம்.

உலோகங்காட்டும் கருவி குழாயைக் காட்டாது. பித்தளை வால்வு, இரும்பு முழங்கை போன்ற முனைப் பொருத்துகளைக் காட்டக்கூடும். ஆனால் எங்கள் மண்ணில் ஆணியும் தகரமும் எறிகணைச் சிதறலும் கலந்திருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் ஒலிக்கும். ஒலித்த இடத்தையெல்லாம் தோண்டுவது ஆபத்து. அத்துடன், கருவியோடு காணியில் நடப்பவரைக் கண்டால் புதையல் தேடுகிறார் என்ற பேச்சுத்தான் முதலில் எழும். என் தெரிவு, வேண்டாம்.

நிலம் ஊடுருவும் ராடர் ஒன்றுதான் பிளாஸ்டிக்கை நேரடியாகக் காட்டக்கூடிய கருவி. நாங்கள் விசாரித்தபோது கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். கேட்ட தொகை மாமியின் ஒரு போக மிளகாய் வருமானத்தை விழுங்கும். காசு இருந்தாலும் மண்ணைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். உலர்ந்த மணலில் ராடர் நன்றாகப் பார்க்கும். முருங்கன் பக்கத்துக் கருங்களியில் அலை மேலேயே அவிந்துவிடும். உப்புக் கலந்த தரையிலும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது தேடச் சொல்ல வேண்டும். மின்னலைக்குத் தண்ணீரும் உலர்ந்த மண்ணும் மிக வேறுபட்டவை என்பதால் நிறைந்த குழாய் எடுப்பாகத் தெரியும், வெறுங்குழாய் மங்கலாகிவிடும். பல குழாய்கள் ஓடும் பாடசாலைக்கோ, பத்துப் பதினைந்து குடும்பங்கள் பங்குபோடும் பொதுக் குழாய்க்கோ இது பொருந்தலாம். தனி வளவுக்கு இல்லை.

எந்த நிலைக்கு எது

குழாய் இருபது மீற்றருக்குக் குறைவென்றால் தேடவே வேண்டாம், புதிதாகப் பதியுங்கள். தேடுகிற கூலியும் கான் வெட்டுகிற கூலியும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். கையில் புதுக் குழாயாவது மிஞ்சும். வீட்டுக்குக் கீழே போவதாகத் தெரிந்தாலும் அப்படித்தான். நிலத்தை உடைத்துக் கிடைக்கப்போவது இருபது ஆண்டுப் பழைய குழாய்.

அதற்குமேல் நீளமென்றால் ஒரு முனை தெரிந்தாலே தொடங்கலாம். கோடையில் தண்ணீர் விட்டு மறு வாயைக் கண்டுபிடித்து, நூலும் வானொலியும் கொண்டு கோட்டைப் பிடியுங்கள். மணல் தரையில் தண்ணீர் மேலே வராது. அங்கே வெட்டுவது எளிது என்பதால் குறுக்குக் கான்தான் வழி. இரண்டு முனையும் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை, காணியின் ஒரு பகுதி இன்னும் உறுதி செய்யப்படவில்லை என்றால் தேடுதலைக் கைவிடுங்கள். எந்தப் பழைய குழாயும் அந்த இடர்ப்பாட்டுக்குப் பெறுமதியானதல்ல.

மாமி முறிந்த இடத்திலிருந்து மேட்டுத் தோட்டம் வரை மிச்சத்துக்குப் புதுக்குழாய் போடுவித்தார். நாற்பது மீற்றர் பழையது, அதற்கப்பால் புதியது. புதிய கானில் குழாயின் முதுகோடு உறையிட்ட செப்புக் கம்பி ஒன்றையும் படுக்கவைத்து, இரு முனையையும் மேலே எடுத்துக் கட்டி விட்டோம். இனி எவரும் நூல் விடத் தேவையில்லை. மூடுவதற்கு முன் ஒவ்வொரு வளைவையும் கிணற்றுக்கட்டின் மூலையிலிருந்தும் வீட்டின் மூலையிலிருந்தும் அளந்து கொப்பித் தாளில் எழுதினோம். அந்தத் தாள் இப்போது காணி அனுமதிப்பத்திரத்தோடு ஒரே பொலித்தீன் உறைக்குள் இருக்கிறது. அரைவட்டத்தின் நடுவில் மாமி தன் கையால் ‘பலா’ என்று எழுதியிருக்கிறார்.